வேகத்தின் எல்லையும் வீதியின் உரிமையும்

நகரத்து வீதியிலே வண்டியொன்று எத்துணை வேகத்திற் செல்லலாம் என்பது பொறியியலாளரும் பொலிஸாரும் தமக்குள்ளே தீர்த்துக்கொள்ள வேண்டிய சிறு விடயம் எனப் பலர் கருதுகின்றனர். இலக்கியச் சஞ்சிகையில் இதற்கென்ன இடம் என்று கேட்போரும் உளர். வீதி எவருக்கு உரியது என்ற பெரு வினா இச்சிறு விடயத்தினுள் அடங்கிக் கிடத்தலின் நாம் இதனை ஈண்டு எடுத்துக்கொண்டோம். வேகக் கமராவும் மணிக்கு 20 மைல் என்னும் எல்லையும் இன்று ஐரோப்பிய நகரங்களிலே பெரும் வாக்குவாதத்தைக் கிளப்பியுள்ளன. அவ்வாதத்திற் கேட்கும் குரல்களுள் புதியன மிகச் சிலவே. பிரித்தானியாவின் வரலாற்றை நோக்குவோர்க்கு இது தெளிவாகும்.

1865ஆம் ஆண்டுச் சட்டம், வீதியிற் செல்லும் நீராவி இயந்திரங்களுக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும் ஊர்களினுள்ளே 2 மைலும் எல்லையாக விதித்தது. இயந்திரத்துக்கு 60 யார் முன்னே ஒருவன் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டும் என்றும் அது கூறிற்று. (செங்கொடி என்றதும் நம் வாசகர் வேறெதையும் எண்ணிவிடலாகாது, உடைமையாளர் வண்டிக்கு முன்னே அதனைத் தூக்கி நடந்தவன் கூலியாளே.) 1896இல் வந்த சட்டம் இலேசான மோட்டார் வண்டிகளை இக்கட்டுகளினின்றும் விடுவித்து, 14 மைல்வரை செல்ல இடமளித்தது; நடைமுறையில் அது 12 ஆகக் குறைக்கப்பட்டது. அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே, அவ்வாண்டு ஆகஸ்ட் 17ஆந் திகதி, இலண்டனிலுள்ள பளிங்கு மாளிகைப் பூங்காவில் நாற்பத்து நான்கு வயதுப் பெண்மணி ஒருவர் காட்சிக்காக ஓட்டப்பட்ட மோட்டார் வண்டி மோதி உயிரிழந்தார். தான் 4 மைல் வேகத்திலேயே சென்றதாகச் சாரதி கூறினான். நல்ல குதிரை பாய்ந்தோடும் வேகம் அது என்றார் கண்ணாற் கண்ட ஒருவர். தற்செயலான மரணம் என்பது தீர்ப்பு. இனி இவ்வாறு நிகழாதிருக்கட்டும் என விசாரணை அதிகாரி கூறியதாகச் சொல்வர்.

1903ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையை 20 மைலாக உயர்த்தியது. வண்டிகளுக்கு இலக்கத் தகடும் கட்டாயமாயிற்று. அந்நாளில் மோட்டார் வைத்திருந்தோர் யாவர்? பிரபுக்கள், பெருவணிகர், பங்குச்சந்தைக்காரர், வசதி படைத்த வைத்தியர். புழுதியைக் குடித்தவர்களும், கோழியையும் சில வேளை குழந்தையையும் இழந்தவர்களும் வீதியோரத்துக் குடியானவரும் தொழிலாளருமே. பொலிஸார் வேலிக்குப் பின்னே மறைந்திருந்து, அளந்து குறித்த தூரத்தை வண்டி கடக்கும் நேரத்தை நிறுத்தற் கடிகாரங்கொண்டு கணித்து, வழக்குத் தொடுத்தனர். அதுவரை நீதிபதியின் ஆசனத்திலிருந்தே சட்டத்தைக் கண்டு பழகிய வர்க்கம், முதன்முறையாகக் குற்றவாளிக் கூண்டிலிருந்து அதனைக் கண்டது. கனவான்களைக் குற்றவாளிகளாக்கும் சட்டம், மறைந்திருந்து பிடிப்பது நியாயமன்று, தண்டப்பணம் திரட்டவே இச்சூழ்ச்சி என்றெல்லாம் கூக்குரல் எழுந்தது. இன்று கமராவைப் பற்றிச் சொல்லப்படும் குறைகள் யாவும் கமரா பிறக்குமுன்னரே சொல்லப்பட்டுவிட்டன என்பதை வாசகர் கவனிப்பாராக.

கூக்குரலோடு அவர்கள் நிற்கவில்லை. 1905இல் ஓட்டோமொபைல் அசோசியேஷன் என்னும் மோட்டார்காரர் சங்கம் தோன்றியது. பிறைற்றன் வீதியிலே சைக்கிளோட்டிகளைக் கூலிக்கு அமர்த்தி, பொலிஸார் பதுங்கியிருக்கும் இடங்களை அங்கத்தவர்க்கு அறிவிப்பதே அதன் முதற்பணி. 1910இல் இது நீதிமன்றம் சென்றது. வேகமாகச் செல்லும் சாரதியை எச்சரித்து மெதுவாகச் செல்லவைத்து அகப்படாமற் காப்பது பொலிஸாரின் கடமைக்கு இடையூறு செய்தலாகும் என நீதியரசர் தீர்த்தனர். சங்கம் ஒரு நூதனமான வழியைக் கண்டது. அங்கத்தவரின் வண்டியைக் கண்டால் ஏவலாளன் சலாம் போடுவான். சலாம் போடாவிட்டால் வண்டியை நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும் என அங்கத்தவர்க்கு அறிவுறுத்தப்பட்டது. சலாம் போடாதிருந்த குற்றத்துக்கு எவனைத் தண்டிப்பது? (நம் நாட்டில் எதிரே வரும் சாரதி முன்விளக்கை இருமுறை மின்னவைத்துப் பொலிஸார் நிற்பதைச் சொல்லும் வழக்கத்துக்கு இத்தகைய முன்னோர் உளர் என்பதைச் சாரதிகள் அறியார்.) இச்சங்கத்துக்கு 1911 முதல் 1922 வரை தலைமை தாங்கிய ஜொயின்சன் ஹிக்ஸ், 1924இல் பொலிஸாருக்குப் பொறுப்பான உள்நாட்டு அமைச்சரானார். வரலாறு சில வேளைகளில் இவ்வாறு வெளிப்படையாகவே பேசிவிடுகின்றது.

இனி நாம் கூறப்போவது நம்மவர்க்கு உவப்பான செய்தியன்று. மோட்டார் கார்களுக்கான 20 மைல் எல்லையை 1930இல் முற்றாக நீக்கியவர் தொழிற்கட்சி அமைச்சர் ஹேபேட் மொரிசனே. எவரும் மதியாத சட்டம் சட்டத்தின் மாண்பையே கெடுக்கும் என்பது சொல்லப்பட்ட நியாயம். இதனை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவும் அவ்வாறே விதந்துரைத்திருந்தது. ஆயினும் பஸ்களுக்கும் லொறிகளுக்கும் எல்லை நீக்கப்படவில்லை. சம்பளத்துக்கு வண்டியோட்டியவன் கட்டுக்குள் இருந்தான். சொந்தக் கார் வைத்திருந்த கனவான் விடுதலை பெற்றான். தொழிலாளரின் வாக்கினால் வந்த ஆட்சி எவருடைய வசதியைப் பொதுநலன் எனப் பெயரிட்டு ஏற்றது என்பது சிந்தித்தற்குரியது. மூன்றாந்தரப்புக் காப்புறுதியை அச்சட்டம் கட்டாயமாக்கியமை உண்மையே. எனினும், கொல்லப்பட்டவருக்கு நட்டஈடு தருவதும் கொல்லாதிருப்பதும் ஒன்றாகா.

1934இல் பிரித்தானிய வீதிகளில் இறந்தோர் 7,343 பேர். காயமுற்றோர் 231,603 பேர். இறந்தோருள் ஏறக்குறைய அரைவாசிப்பேர் பாதசாரிகள். அன்று நாட்டில் ஓடிய வண்டிகளோ இருபத்தைந்து இலட்சத்துக்கும் குறைவு. (நான்கு கோடி வண்டிகள் ஓடிய 2023இல் இறந்தோர் 1,624 பேர்.) ஊரெல்லைக்குள் 30 மைல் என்னும் புதிய எல்லையை விதிக்கும் சட்டமூலம் 1934இல் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, மூர் பிரபாசன் என்னும் உறுப்பினர் ஆற்றிய உரை மறக்கற்பாலதன்று. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் தற்கொலை செய்கின்றனர், அதற்கு எவரும் ஆரவாரம் செய்வதில்லையே என்றார் அவர். முற்காலத்தில் கோழிகளும் நாய்களும் வண்டியில் அகப்பட்டன. இன்று நாய்கள் விலகி ஓடப் பழகிவிட்டன. மனிதரும் பழகிக்கொள்வர் என்பது அவர் வாதத்தின் சாரம். இவர் பிரித்தானியாவின் முதலாவது விமானமோட்டும் சான்றிதழைப் பெற்ற வீரர். 1940இல் போக்குவரத்து அமைச்சராகவும் உயர்ந்தவர். மனிதனை நாயோடு ஒப்பிட்டுப் பேசுவதற்கு அச்சபையில் கூச்சம் தேவைப்படவில்லை.

சட்டம் நிறைவேறிற்று. 1935 மார்ச் 18 முதல் 30 மைல் எல்லை நடைமுறைக்கு வந்தது. ஊரெல்லை எது என அறிவதற்கு அச்சட்டம் கண்ட அளவுகோல் எளிமையானது: 200 யாருக்கு மேற்படாத இடைவெளியில் தெருவிளக்குகள் நாட்டப்பட்டிருப்பின் அது மக்கள் குடியிருக்கும் வீதி.

அடுத்த கட்டம் கமரா. அதனை ஆக்கியவர் மொறிஸ் கட்சோனிடெஸ் என்னும் ஒல்லாந்தர். 1953இல் மொன்ரே கார்லோ மோட்டார்ப் போட்டியில் வென்றவர். வளைவுகளில் இன்னும் வேகமாகத் திரும்புவது எவ்வாறு எனத் தம்மையே அளந்தறியக் கண்ட கருவி, பின்னர் பிறர் வேகத்தை அடக்கும் கருவியாயிற்று. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், 1992இல், மேற்கு இலண்டனின் ருவிக்கன்ஹாம் பாலத்தில் அது நிறுவப்பட்டது. கமராவுக்குச் சலாம் தெரியாது. பிரபுவும் பால்காரனும் அதற்கு வெறும் இலக்கத் தகடுகளே. ஆயின் 2001இல் அரசாங்கம், கமராக்களைச் சாரதிகள் காணுமாறு மஞ்சள் நிறம் பூசுமாறு பணித்தது. 1910இல் நீதிமன்றம் கண்டித்த எச்சரிக்கையை இப்போது அரசே செய்யலாயிற்று!

பணத்துக்காகவே கமரா என்ற குற்றச்சாட்டை நாம் முற்றாகத் தள்ளிவிடுவதற்கில்லை. 2000 முதல் 2007 வரை தண்டப்பணத்தின் ஒரு பங்கு கமராக்களை நடத்திய உள்ளூர் அமைப்புகளுக்கே சென்றது. அவ்வேற்பாடு அவநம்பிக்கையை வளர்த்தமை இயல்பே. 2010இல் அரசு வீதிப் பாதுகாப்புக்கான உதவிப்பணத்தை வெட்டியதும் ஒக்ஸ்போட்ஷயரிலே கமராக்கள் நிறுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவை மீண்டும் இயங்கத் தொடங்கின.

20 மைல் எல்லைக்கு அடிப்படை நமது மாணவர் கற்கும் பௌதிகமே. இயக்கப்பாட்டுச் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவதால், 30 மைலிற் செல்லும் வண்டியின் சக்தி 20 மைலிற் செல்வதைப்போல் இரண்டேகால் மடங்கு. அச்சக்தியை ஏற்பது குழந்தையின் உடல். வறியோர் வாழும் பகுதிகளில் வீட்டு வாசலே விளையாட்டுத் திடலாதலின், அங்கேதான் பாதசாரிகள் கூடுதலாக அடிபடுகின்றனர் என்பது பிரித்தானியாவிற் பலமுறை கண்டறியப்பட்ட உண்மை. ஒஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992இலேயே பிரதான வீதிகள் தவிர்ந்த ஏனையவற்றுக்கு மணிக்கு 30 கிலோமீற்றரை எல்லையாக்கிற்று. வேல்ஸ் நாடு 2023 செப்டெம்பர் 17 முதல் 20 மைலை ஊர் வீதிகளின் பொது எல்லையாக்கியபோது, அதனை எதிர்த்து ஏறக்குறைய 470,000 பேர் மனுவில் ஒப்பமிட்டனர்.

இம்மனுவில் ஒப்பமிட்டோர் 1905ஆம் ஆண்டின் பிரபுக்கள் அல்லர். பஸ் ஓடாத மலைக்கிராமங்களிலிருந்து பழைய காரில் வேலைக்குச் செல்லும் தாதியரும் பொதி விநியோகிப்போரும் அவர்களுள் இருந்திருப்பர். காரின்றி வாழ்வதற்கு வழிசெய்யாத ஓர் அமைப்பு, கார் ஓட்டுவோனை மட்டும் திருத்த முற்படும்போது அவனுக்குக் கோபம் பிறத்தலில் வியப்பில்லை. அக்கோபத்தை ‘மோட்டார்காரர் மீதான போர்’ எனப் பெயரிட்டு வாக்காக மாற்றும் கட்சிகளும் உள. எனினும் சட்டம் வந்தபின் அவ்வீதிகளிற் காயமுற்றோர் தொகை குறைந்ததை அரச கணக்குகள் காட்டின. தண்டத்தின் நீதி வேறொரு கேள்வி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாதாரண வேகக் குற்றத்துக்கு 100 பவுண் தண்டம். கோடீஸ்வரனுக்கும் அதுவே, கூலிக்காரிக்கும் அதுவே. பின்லாந்தில் பெரிய வேகக் குற்றங்களுக்குக் குற்றவாளியின் வருமானத்தை நோக்கியே தண்டம் கணிக்கப்படுகின்றது. செல்வர் சிலர் ஒரு தடவைக்கே இலட்சம் யூரோவுக்கு மேற் செலுத்தியுள்ளனர். பிரித்தானியாவில் இம்முறையைக் கோரி இலட்சக்கணக்கானோர் ஒப்பமிட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

வேல்ஸ் அரசாங்கம் 2024இல் தன் வழிகாட்டலைத் திருத்தி, சில வீதிகளை 30 மைலுக்கு மீட்க உள்ளூராட்சிச் சபைகளுக்கு வழி செய்தது. ஏனைய வீதிகளில் 20 மைல் எல்லை நிலைத்துள்ளது. எந்த வீதி அவ்வெல்லைக்குள் அடங்கும் என்பதை, 1934இற் போலவே, 200 யார் இடைவெளியில் நிற்கும் தெருவிளக்குகளே தீர்மானிக்கின்றன.