சக்தி பேருந்தும் துணைத் திட்ட நிதியும்: டீசல் செலவு யார் கணக்கில்?

கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 அன்று தொடங்கப்பட்ட ‘சக்தி’ திட்டத்தின்கீழ், அம்மாநிலப் பெண்கள் குளிர்சாதன வசதியற்ற சாதாரண, விரைவுப் பேருந்துகளில் மாநில எல்லைக்குள் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். நடத்துநர் பூஜ்ய மதிப்புள்ள சீட்டு ஒன்றைக் கிழித்துத் தருவார். அந்தச் சீட்டுகளின் கணக்குப்படி நான்கு போக்குவரத்துக் கழகங்களுக்கும் அரசு பணம் தர வேண்டும். கழகங்களின் கையில் அது டீசலாகவும் ஊதியமாகவும் உதிரிபாகங்களாகவும் மாறுகிறது. சுருங்கச் சொன்னால், பொதுப் போக்குவரத்தின் இயக்கச் செலவில் ஒரு பகுதியை அரசே ஏற்கும் ஏற்பாடு இது.

ஏற்பாட்டை நாம் எதிர்க்கவில்லை. பேருந்துக் கட்டணம் என்பது கூலிப் பெண்களின் ஊதியத்திலிருந்து முதலில் கழியும் தொகை. அது மிச்சமானால் என்ன நேரும் என்பதை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. நமது கேள்வி, அந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதே.

2025-26 நிதிநிலை அறிக்கையில் கர்நாடகத்தின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் துணைத் திட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 42,000 கோடி ரூபாய். அதில் ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்கும் காட்டப்பட்டது சுமார் 13,400 கோடி. சக்திக்கு மட்டும் ஏறத்தாழ 1,500 கோடி. முந்தைய ஆண்டு இவ்வாறு 14,000 கோடிக்கு மேல் காட்டப்பட்டபோது, தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் மாநில அரசுக்கு விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது.

அரசு தரப்பின் விடை, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டுமான திட்டங்களுக்கு உட்பிரிவு ‘ஏ’ வழிசெய்கிறது. அவர்கள் பிறருடன் சேர்ந்து பயன்பெறும் பொதுத் திட்டங்களில், அவர்கள் பெறும் பயனின் விகிதத்திற்கு ஏற்ப நிதி ஒதுக்க ‘சி’ இடம் தருகிறது. பொதுவான கட்டுமானங்களையும் ‘செலவிட்டதாகக் கருதி’க் கணக்கெழுத அனுமதித்த ‘டி’, நீண்ட போராட்டத்திற்குப் பிறகு 2023இல் நீக்கப்பட்டது. பின்வாசல் மூடப்பட்டது, பக்கவாசல் திறந்தே இருக்கிறது.

‘சி’ உட்பிரிவை அதன் சொற்களின்படியே படித்தாலும் சக்தி அதற்குள் அடங்குவது எளிதன்று. விகிதம் காட்ட வேண்டுமென்றால் பயனாளியை எண்ண வேண்டும். பூஜ்யச் சீட்டில் சாதி இல்லை, இருக்கவும் கூடாது. நடத்துநர் பார்ப்பது முகவரி உள்ள ஓர் அடையாள அட்டையை மட்டுமே. அப்படியானால் பயணித்தவர்களில் எத்தனை பேர் நம் பெண்கள் என்ற எண் எங்கிருந்து வந்தது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் இவ்விரு பிரிவினரும் சேர்ந்து சுமார் 24 விழுக்காடு. மக்கள்தொகை விகிதத்தை அப்படியே பயண விகிதமாகக் கொள்வது, ஊரில் நிற்கும் பேருந்து சேரிக்கும் தாண்டாவுக்கும் அதே அளவு வருகிறது என்று கற்பனை செய்வதாகும். பேருந்து வராத குடியிருப்பில் பூஜ்யச் சீட்டும் இல்லை. வராத பேருந்துக்கும் அம்மக்களின் நிதியிலிருந்தே பணம் போகிறது.

இன்னொன்று உண்டு. கலபுரகியிலிருந்து யாத்கிருக்குச் செல்லும் வண்டியில் ஒரு தலித் பெண் ஏறினாலும் ஏறாவிட்டாலும் டீசல் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். அவர் ஏறியதால் கூடுதலாக எதுவும் செலவாகவில்லை. எல்லாக் குடிமக்களுக்கும் அரசு செய்ய வேண்டிய செலவில் ஒரு பங்கு, அவர் பெயரில் எழுதப்படுகிறது. 1970களின் இறுதியில் பி.எஸ்.கிருஷ்ணன் போன்ற அதிகாரிகளின் முயற்சியில் சிறப்புக் கூறுத் திட்டம் உருவானபோது, பொது நிதியில் கிடைக்க வேண்டியதற்கு மேலாகக் கிடைப்பது என்பதே அதன் உயிர். தெருவிளக்கையும் பேருந்தையும் அதிலிருந்தே கொடுத்தால், ‘மேலாக’ என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

கழகங்களும் இதனால் செழிக்கவில்லை. 2025 ஜனவரி 5 முதல் கட்டணம் 15 விழுக்காடு உயர்ந்தது. அதே குடும்பத்து ஆண்கள் அதைச் செலுத்துகின்றனர். ஊதிய நிலுவை கோரி அவ்வாண்டு ஆகஸ்டில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

துணைத் திட்ட நிதியைப் பேருந்துக்குச் செலவிடவே கூடாதா? செலவிடலாம். பேருந்தே இல்லாத தலித் குடியிருப்புக்குப் புதிய வழித்தடம் அமைத்து, அந்த நடைகளின் இழப்பை மட்டும் ஈடுசெய்தால் எண்ணவும் முடியும், தணிக்கை செய்யவும் முடியும். சக்தியின் ஈட்டுத்தொகை பொது நிதியிலிருந்து வர வேண்டும்.

தமிழ்நாட்டுப் பெண்கள் 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். துணைத் திட்டத்திற்கான சட்டம் இங்கு 2024இல் இயற்றப்பட்டது. ஆகவே கேள்வி நமக்கும் உரியதே. அரசுக் கணக்கில் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடு 789 என்ற சிறுதலைப்பிலும், பழங்குடியினருக்கானது 796இலும் வரும். போக்குவரத்துத் துறையின் மானியக் கோரிக்கையில் இவ்விரு எண்களையும் தேடுங்கள். தொகை இருந்தால், பயனாளிகள் எவ்வாறு கணக்கிடப்பட்டனர் என்பதற்கான கோப்புக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.