230: ஒரு சிப்பி விதிக்கு உரை

உலக நாடுகளுக்குப் பொதுவான உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம், உயிருடன் விற்கப்படும் இரட்டை ஓட்டுச் சிப்பிகளுக்கென்று 2008-இல் ஒரு தரத்தைக் கொண்டுவந்தது. அதன் எண் 292. குடல் கிருமிகளைப் பற்றி அது சொல்வது சில வரிகள்தான். ஆய்வுக்கூடத்துக்காக எழுதப்பட்ட அவற்றை, டிண்டிங் ஆறு கடலில் சேரும் லூமுட்டில் இருந்துகொண்டு படித்துப் பார்க்க வேண்டும். கருத்தை என் சொற்களில் தருகிறேன்:

சிப்பியின் உண்ணும் பகுதியை ஐந்து மாதிரிகளாக எடுத்துச் சோதிக்க வேண்டும். 100 கிராமில் ஈ கோலை எண்ணிக்கை எந்த மாதிரியிலும் 700-ஐத் தாண்டக் கூடாது. 230-க்கும் 700-க்கும் இடையே ஒரு மாதிரி மட்டும் இருக்கலாம். சால்மொனெல்லா 25 கிராமில் அறவே இருக்கக் கூடாது.

“சிப்பியின் உண்ணும் பகுதியை”

மீனை அறுத்துக் குடலை எடுத்துவிட்டுத்தான் சமைக்கிறோம். இறாலின் முதுகுக் குடலையும் உருவிப் போடுகிறோம். கெராங் என்று நாம் சொல்லும் சிப்பியில் அதற்கெல்லாம் இடமில்லை. இரைப்பையும் குடலும், அவற்றுக்குள் இருப்பதும் சேர்ந்தே வாய்க்குள் போகின்றன. சதையை மட்டும் பிரித்துச் சோதிக்காமல், உண்ணும் பகுதி முழுவதையும் சோதிக்கச் சொல்வது அதனால்தான்.

சிப்பி இரை தேடி அலைவதில்லை. நீரைச் செவுள் வழியே இழுத்து, அதில் மிதக்கும் நுண்பாசியையும் துகளையும் வடித்துத் தின்கிறது. துகளோடு கிருமியும் உள்ளே தங்குகிறது. நீரில் சிதறிக் கிடப்பது உடம்புக்குள் பல மடங்கு திரண்டுவிடும். அதனால் சிப்பிக்கு ஒரு நோவும் இல்லை. ஓடு இறுக மூடியிருக்கிறதா என்று பார்த்துப் பசாரில் வாங்குகிறோமே, அது உயிரோடு இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் அந்த ஓடு சொல்லாது.

இந்தக் கடலோரத்துக்கும் கெராங்குக்கும் உறவு பழையது. மலாயாவில் கெராங் வளர்ப்பு 1948-இல் தொடங்கியதே லூமுட்டுக்கு வடக்கே பாகான் பஞ்சோரில்தான். அதற்கும் வடக்கே, மாத்தாங் சதுப்புக்காட்டை ஒட்டிய கோலா செப்பெத்தாங், கோலா குலா சேற்றுத் திட்டுகள் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றவை. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சேறு அது. கெராங்குக்கு ஊட்டம் வருவதும் அந்த ஆறுகளால்தான். கரையில் இருப்பவர்கள் ஆற்றில் விடுவதெல்லாம் அதே வழியாகத்தான் வந்து சேர்கிறது.

“ஈ கோலை எண்ணிக்கை”

எத்தனையோ கிருமிகள் இருக்க, இதை மட்டும் ஏன் எண்ண வேண்டும்? 1885-இல் குழந்தை மருத்துவர் தியோடர் எஷரிக் குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்த நுண்ணுயிர் இது. மனிதர், ஆடுமாடு, பறவை ஆகியவற்றின் குடலில் வாழ்கிறது. பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை. கடலின் உப்பிலும் வெயிலிலும் நெடுநாள் தாங்காது. ஆகவே சிப்பிக்குள் அது இருக்கிறதென்றால், அண்மையில் அந்த நீரில் மலம் கலந்திருக்கிறது. அதே வழியில் டைபாய்டு கிருமியும் வரலாம், ஹெபடைட்டிஸ் ஏ வைரசும் வரலாம்.

அந்த மலம் எங்கிருந்து வருகிறது? கடல்மேல் கால்நட்டு நிற்கும் வீடுகள், படகுகள், மழைக்கு நிரம்பும் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) என்று பல இடங்களைச் சொல்லலாம். நான் முதலில் சொல்வது செப்டிக் தொட்டியை. கசடை அடியில் தங்கவைத்து மேல்நீரை வெளியேற்றுவதுதான் அதன் வேலை. கிருமியைக் கொல்லும் ஏற்பாடு அதில் இல்லை. கசடை அள்ளாமல் விட்டால் அதுவும் மேல்நீரோடு சேர்ந்து ஓடும். இரண்டாண்டுக்கு ஒரு முறை அள்ள வேண்டும் என்று கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர் சொல்கிறது. சித்தியவான், ஆயர் தாவார் பக்கம் தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்த நம் குடும்பங்கள், தங்கள் வீட்டுத் தொட்டி கடைசியாக எப்போது அள்ளப்பட்டது என்று இன்றே விசாரிக்கலாம்.

வீட்டைவிடப் பெரிய ஓட்டை சட்டத்தில் இருக்கிறது. மலேசியாவின் 2009-ஆம் ஆண்டுக் கழிவுநீர் விதிமுறைகள், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீருக்கு வரம்பு விதிக்கின்றன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறத்தில் ஏ தரம்: லிட்டருக்கு பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) 20 மில்லிகிராம். மற்ற இடங்களில் பி தரம்: 50 மில்லிகிராம். மிதக்கும் திடப்பொருள், எண்ணெய், அமோனியா எல்லாவற்றுக்கும் எண் உண்டு. ஈ கோலைக்கு இல்லை. ஒரு நிலையம் எல்லா வரம்புகளுக்கும் உட்பட்டு நடந்தும் கிருமி நிறைந்த நீரைக் கழிமுகத்துக்கு அனுப்ப முடியும். குழாய் வாயில் யாரும் எண்ணாததைச் சிப்பிக்குள் எண்ணி, சரக்கைத் தள்ளி, நட்டத்தைக் கெராங் வளர்ப்பவர் தலையில் வைப்பது நியாயமில்லை. கழிவை விட்டவர் அவரல்லர்.

“230-க்கும் 700-க்கும் இடையே ஒரு மாதிரி மட்டும்”

ஒரே திட்டில் அள்ளிய சிப்பிகளிலும் எண்ணிக்கை ஒன்றுபோல் இராது. அதற்காகத்தான் இந்தத் தளர்வு. ஐரோப்பிய ஒன்றியமும் நேரடியாக உண்ணும் சிப்பிக்கு இதே 230-ஐ வைத்திருக்கிறது. 4,600 வரை உள்ள பரப்புகளின் சிப்பியைத் தொட்டியிலோ தூய கடற்பகுதியிலோ வைத்துத் தூய்மையாக்கிய பிறகே விற்கலாம், அல்லது அனுமதித்த முறையில் வெப்பப்படுத்தி விற்கலாம்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1924-25 குளிர்காலத்தில் கழிவுநீர் கலந்த சிப்பியால் டைபாய்டு பரவி, ஏறத்தாழ 1,500 பேர் நோயுற்று 150 பேர் இறந்தார்கள். அதன் பின் பிறந்த சிப்பித் தூய்மைத் திட்டம் சிப்பி வளரும் நீரையே அளக்கிறது. 100 மில்லிலிட்டரில் மலக் கோலிபார்ம் நடு அளவு 14-ஐத் தாண்டினால், அங்கே பிடித்ததை நேரே விற்பனைக்கு அனுப்ப முடியாது. கரையைச் சுற்றிப் பார்த்துக் கழிவு வரும் வாய்களைக் கணக்கெடுப்பதும் அத்திட்டத்தில் அடங்கும். நம் கழிமுகங்களுக்கு இதுவே பொருந்தும் என்பது என் எண்ணம். ஐந்து மாதிரிகள் சொல்வது அள்ளிய அந்த நாளின் சேதி. பெருமழை பெய்து லோங்காங் நீரெல்லாம் ஆற்றில் இறங்கிய மறுநாள் எண்ணிக்கை வேறாக இருக்கும்.

“சால்மொனெல்லா அறவே இருக்கக் கூடாது”

டைபாய்டு கிருமி இக்குடும்பத்தது. இதில் தளர்வு இல்லை. ஐந்து மாதிரிகளில் ஒன்றில் கண்டாலும் சரக்கு முழுதும் தள்ளுபடி.

இனி, இவ்வரிகளில் இல்லாதது. வைரசுக்கு இதில் வரம்பே கிடையாது. 1988-இன் தொடக்கத்தில் ஷாங்காயில் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு ஹெபடைட்டிஸ் ஏ வந்தது. சாக்கடை கலந்த கடற்கரையிலிருந்து வந்த, நம் கெராங்குக்கு நெருங்கிய இனச் சிப்பியை அரைவேக்காட்டில் தின்றதே காரணம். தூய நீர்த் தொட்டியில் இரண்டு நாள் வைத்தால் ஈ கோலை வெளியேறிவிடும். வைரஸ் அவ்வளவு எளிதில் போவதில்லை. ஆகவே 230-க்குள் நின்று தேறிய சிப்பியும் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ தின்னத் தகுந்ததாகிவிடாது.

சிவப்பு நீர் கசியக் கசியத் தின்றால்தான் கெராங் ருசி என்பவர்கள் நம்மில் நிறையப் பேர். சிப்பியின் உள்பகுதி 90 பாகை செல்சியசை எட்டி, 90 வினாடி அதே சூட்டில் நிற்க வேண்டும் என்பது ஹெபடைட்டிஸ் ஏ வைரசை மனத்தில் வைத்து வகுத்த அளவு. வெந்நீரை மேலே ஊற்றி வடிப்பதால் அந்தச் சூடு உள்ளே ஏறாது. ஓடு திறப்பதை வைத்தும் முடிவு செய்யக் கூடாது. அந்தச் சூட்டை எட்டுவதற்கு முன்பே அது திறந்துவிடும். திறந்த பிறகும் சில நிமிடம் கொதிக்க விட்டு இறக்குங்கள்.