ஊதுகுழல் முதல் காற்றுத் துப்பாக்கி வரை

காற்றைக் கருவியாக்கி எய்யும் கலை மலாயா மண்ணுக்குப் புதியதன்று. இந்நாட்டுப் பழங்குடியினரான தெமுவான், செமாய் மக்கள் நெடுங்காலமாக ஊதுகுழலால் வேட்டையாடி வந்தனர். அதனை மலாய்மொழி சும்பித்தான் என்னும். பழைய தமிழ் அகராதிகளில் காணும் 'சுங்குத்தான்' என்னும் சொல் இதன் திரிபே என்பர் ஆராய்ச்சியாளர். சென்னை மாகாண மீன்துறையில் தலைமைப் பதவி வகித்த ஜேம்ஸ் ஹார்னெல், 1924-இல் தென்னிந்திய ஊதுகுழல்களைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதினார். தமிழர் கடல் கடந்து இங்கு வந்தது போல, இங்குள்ள சொல்லொன்று கடல் கடந்து தமிழகம் சென்றிருக்கிறது.

கோம்பாக்கிலுள்ள பழங்குடியினர் அருங்காட்சியகத்தில் இக்கருவியை இன்றும் காணலாம். குழல் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுடையது. அம்பின் பின்முனையில் மெல்லிய நெட்டிக் கூம்பு ஒன்று பொருத்தப்படும். ஊதும் காற்று பக்கவாட்டில் நழுவாமல் அம்பைத் தள்ளுவது அக்கூம்பினாலேயே. இன்றைய காற்றுத் துப்பாக்கிக் குண்டின் அகன்ற பின்புறமும் இதே பணியைச் செய்கிறது. மனித மூச்சின் வலிமை சிறிது. ஆதலால் கொல்லும் வேலையை அம்பில் தடவிய நஞ்சு செய்தது. ஈப்போ நகருக்குப் பெயர் தந்த ஈப்போ மரத்தின் பாலே அந்நஞ்சு. ஆயினும் இக்கருவிக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. வேடன் உயிரோடிருக்கும்வரை காற்றுக்குப் பஞ்சமில்லை.

வலிமையான காற்றை விரும்பியவர்களுக்கு இவ்வசதி கிட்டவில்லை. 1780-ஆம் ஆண்டளவில் ஆஸ்திரியப் படை, ஜிராண்டோனி என்பவர் அமைத்த காற்றுத் துப்பாக்கியை ஏற்றது. புகையின்றி, ஏறத்தாழ 20 குண்டுகளை அடுத்தடுத்துச் சுடவல்ல அது, அக்காலத்துக்கு ஓர் அதிசயம். துப்பாக்கியின் அடிக்கட்டையே காற்றுக் கலம். அதனை நிரப்பக் கைப்பம்பை ஏறத்தாழ 1,500 முறை அடிக்க வேண்டும். தோல் அடைப்புகள் உலர்ந்தால் காற்றுக் கசியும். பழுது பார்க்கத் தேர்ந்த கைகள் வேண்டும். 1815-ஆம் ஆண்டளவில் படை அதனைக் கைவிட்டது. துப்பாக்கி தோற்கவில்லை, அதற்குக் காற்று வழங்கும் ஏற்பாடே தோற்றது.

ஆகவே, காற்றுத் துப்பாக்கியைத் தேர்வோர் முதலில் வினவ வேண்டியது, 'காற்று எங்கிருந்து வரும்?' என்பதே. அதற்கு மூன்று விடைகள் உண்டு. முதலாவது வில்சுருள் வகை. சுருளை மடக்கினால் அதுவே ஒவ்வொரு முறையும் காற்றை அழுத்தித் தரும். வெளித்துணை வேண்டாம், ஆனால் சுடும்போது அதிர்வு மிகுதி. இரண்டாவது கரியமிலவாயு வகை. இவ்வாயுவின் அழுத்தம் வெப்பத்துக்கேற்ப மாறும். 20 பாகை வெப்பத்தில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 57 மடங்கு; 30 பாகையில் ஏறத்தாழ 72 மடங்கு. 31 பாகைக்கு மேல் அது திரவமாக நில்லாது. நண்பகலில் 31 பாகையைத் தாண்டும் கிள்ளான் பள்ளத்தாக்கில், காலையில் சுட்டதும் நண்பகலில் சுட்டதும் ஒன்றாயிரா.

மூன்றாவது, அழுத்திய காற்றைக் கலத்தில் அடைத்துவைக்கும் வகை. இன்றைய போட்டித் துப்பாக்கிகள் இவ்வகையின. இதற்குத் தனி உருளையிலிருந்து காற்று நிரப்ப வேண்டும். பாயில் 1662-இல் வெளியிட்ட விதி இங்குத் துணை செய்யும். 10 லிட்டர் உருளையில் 200 மடங்கு அழுத்தத்தில் 2,000 லிட்டர் காற்று அடங்கும். உருளையின் அழுத்தம் 150-க்கு இறங்கிவிட்டால், 1,500 லிட்டர் எஞ்சியிருந்தும் துப்பாக்கியை 150-க்கு மேல் நிரப்ப இயலாது. எனவே துப்பாக்கி தாங்கும் அழுத்தத்தைவிட உயர்ந்த அழுத்தமுடைய உருளையே நெடுநாள் பயன்தரும். ஆனால் அளவுமானியைப் பார்த்து மெல்லத் திறக்க வேண்டும். துப்பாக்கியின் எல்லையைத் தாண்டுதல் உயிருக்கு ஆபத்து. ஈரப்பதமும் கருதத்தக்கது. நம் நாட்டுப் புழுக்கக் காற்று 2,000 லிட்டரில் ஏறத்தாழ 50 கிராம் நீர் இருக்கலாம். அதனை உலர்த்தாமல் அடைத்தால் கலத்தின் உட்புறம் அரிக்கும்.

சட்டமும் மறக்கத்தக்கதன்று. மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதம் என்றே கொள்கிறது. உரிமமின்றி வைத்திருப்பது குற்றம்.

முறையாகப் பயில்வோர்க்கு இக்கலை உயர்ந்த விளையாட்டாகும். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984-இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அதன் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டரே. மலேசியாவின் நூர் சுரியானி 2012-இல் நிறைமாதத்தை நெருங்கிய கருவுடன் இலண்டனில் களம் நின்றார். கடலூரில் 1999-இல் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். ஊதுகுழல் வேடனுக்குப் போலவே இவர்களுக்கும் முதற்பாடம் மூச்சையடக்கி நிற்பதே. கலத்திலுள்ள காற்றை அளக்கப் பொறி உண்டு. நெஞ்சிலுள்ள காற்றை ஆளப் பயிற்சி ஒன்றே வழி.