ஆடித்தபசு எந்த மாசம்?

சங்கரன்கோவில் ரத வீதிக் கடைக்காரர் யாரைக் கேட்டாலும், எப்போ கூட்டம் அள்ளும், எப்போ ஈ ஓட்டணும்னு சொல்லிவிடுவார். இந்த மனக்கணக்கைத் தாளில் கொண்டுவர புள்ளியியல் எடுத்துக்கொண்ட பாதை எனக்கு எப்போதும் சுவாரசியம்.

1884இல் பாயின்டிங் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர், கோதுமை விலையையும் பஞ்சு, பட்டு இறக்குமதியையும் பல ஆண்டுச் சராசரிகளாக்கி ஒப்பிட்டார். 1901இல் ஹூக்கர், திருமண விகிதத்தில் ஒன்பது ஆண்டு நகரும் சராசரியைக் கழித்துவிட்டு, மிச்சமிருந்த ஏற்ற இறக்கத்தை வணிகத்தோடு பொருத்திப் பார்த்தார். மாத விற்பனைக்கு இதைப் பழக்கியவர்களில் முக்கியமானவர் கனடாவில் பிறந்த மெக்காலே. அவர் நூல் 1931இல் வந்தது.

முறை எளிதுதான். தொடர்ந்து 12 மாத விற்பனையின் சராசரி எடுத்தால், எல்லாப் பருவமும் ஒருமுறை உள்ளே வந்து சமனாகிவிடும். அந்தச் சராசரி ஆறாம், ஏழாம் மாதங்களுக்கு நடுவே விழும். அதனால் அடுத்தடுத்த இரண்டு சராசரிகளை மறுபடி சராசரியாக்கி, ஒரு மாதத்தின்மேல் உட்கார வைப்பார்கள். அந்த மாத விற்பனையை இதால் வகுத்து 100ஆல் பெருக்கினால் 130 வருகிறதா? வழக்கத்தைவிட 30 சதவீதம் கூடுதல். பல ஆண்டு ஜூலைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஜூலையின் பருவக் குறியீடு கிடைக்கும்.

சிக்கல் இங்கேதான். கோமதி அம்மனின் ஆடித்தபசு 2024இல் ஜூலை 21. 2025இல் ஆகஸ்ட் 7. ஒரே திருவிழாக் கூட்டம் ஒரு வருஷம் ஜூலை கணக்கில், மறு வருஷம் ஆகஸ்ட் கணக்கில். சராசரி போட்டால் இரண்டு மாசமும் சுமாராகத் தெரியும். உண்மையான உச்சம் காணாமல் போய்விடும். அதை நம்பிக் கடன் வாங்கி ஜூலையில் சரக்கு இறக்கியவர் பாடு திண்டாட்டம். மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் நடுவே அலையும் ஈஸ்டருக்காக, அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் மென்பொருளில் தனி ஏற்பாடே உண்டு.

நமக்கு அவ்வளவு பாடு வேண்டாம். தமிழ் மாதங்கள் சூரியக் கணக்கு, வருஷத்துக்குப் பன்னிரண்டுதான். நாள்வாரி விற்பனையை ஆடி, ஆவணி என்று பிரித்து எழுதினால் அதே சூத்திரம் அப்படியே ஓடும். தபசு ஆடியை விட்டு நகராது. தீபாவளியும் ஐப்பசிக்குள் அடங்கும். தமிழ்த் தேதி போட்டுக் கணக்கெழுதிய பழைய பேரேடுகளை நாம் பழமை என்று ஒதுக்கியிருக்க வேண்டாம். பருவத்தைப் பிடிக்க அதுவே சரியான கட்டம்.

ஆனால் ரம்ஜான் இதிலும் அடங்காது. சந்திரக் கணக்கில் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே வரும். பெருநாள் வியாபாரம் பார்க்கிறவர், அந்த வாரங்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டுதான் சராசரிக்குப் போகணும்.