இயங்குதளத்தில் புதிய நிகழ்வு அறிவிப்பு வசதி: சேர்க்குமுன் சோதிப்பது எப்படி?

இணையப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு நாம் காப்பி குடிக்கப் போய்விடுகிறோம். அந்த நேரம் முழுவதும் மறுமுனையில் உள்ள சர்வர் நமக்கான இணைப்பைத் திறந்தே வைத்திருக்கலாம். இப்படிக் காத்திருக்கும் பல்லாயிரம் இணைப்புகளில் எதில் தகவல் வந்துள்ளது என்பதை நிரலுக்குச் சொல்வது இயங்குதளத்தின் வேலை. இதுவே நிகழ்வு அறிவிப்பு.

பழைய வழியும் புதிய வழியும்

1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் ‘செலக்ட்’ என்ற வசதி இருந்தது. நிரல் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் கொடுக்க வேண்டும்; இயங்குதளம் அதை முதலிலிருந்து கடைசி வரை பார்க்கும். பொதுவாக 1,024 இணைப்புகளே அதன் எல்லை. உணவங்காடியில் கடைக்காரர் மேசை மேசையாகப் போய் “உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?” என்று கேட்பதைப் போன்றது இது.

ஒரே சர்வரில் 10,000 பேரைச் சமாளிப்பது எப்படி என்ற கேள்வியை 1999இல் டேன் கெகல் எழுப்பினார். 2000இல் ஃப்ரீபிஎஸ்டியில் ஜொனாதன் லெமன் உருவாக்கிய ‘கேகியூ’ சேர்ந்தது. 2002இல் டேவிட் லிபென்சியின் ‘ஈபோல்’ லினக்ஸ் 2.5.44இல் இடம்பெற்றது. இவற்றில் பட்டியலை ஒருமுறை பதிந்தால் போதும். தேவைப்படுபவர் மணியை அழுத்துவார். கடைக்காரர் அந்த மேசைக்கு மட்டும் போனால் போதும்.

ஏன் முன்கூட்டியே சோதிக்க வேண்டும்?

ஏற்கெனவே ஓடும் நிரல்களைப் புதிய பதிப்பு முடக்கக்கூடாது என்பது லினக்ஸில் கண்டிப்பான விதி. அதனால் ஒரு வசதி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், அதன் வடிவத்தில் உள்ள குறையையும் சேர்த்தே காலமெல்லாம் சுமக்க வேண்டியிருக்கும். திருத்திக்கொள்ள நல்ல தருணம், அது முன்மொழிவாக இருக்கும்போதுதான்.

நான்கு சோதனைகள்

முதலாவது, சும்மா இருக்கும் கூட்டம். எல்லா இணைப்புகளும் ஒரே நேரத்தில் பேசினால் பழைய வழிக்கும் புதிய வழிக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. லிபென்சி தம் சோதனையில், கோரிக்கை அனுப்பும் இணைப்புகளோடு எதுவும் பேசாத ‘செத்த’ இணைப்புகளையும் சேர்த்தார். அவற்றின் எண்ணிக்கை கூடக்கூடப் பழைய ‘போல்’ முறை தளர்ந்தது. புதியது ஏறக்குறைய ஒரே வேகத்தில் நின்றது.

இரண்டாவது, விடுபட்ட அறிவிப்பு. 2 கிலோபைட் அனுப்பி, 1 கிலோபைட்டை மட்டும் படித்துவிட்டு மீண்டும் காத்திருக்கச் செய்ய வேண்டும். தகவல் மிச்சம் இருக்கும்வரை நினைவூட்டும் முறையில் அறிவிப்பு உடனே வரும். புதிய மாற்றத்தை மட்டும் சொல்லும் முறையில் அது வராமலே போகலாம். எதிர்முனையும் பதிலுக்குக் காத்திருந்தால் இரண்டும் அப்படியே உறைந்துவிடும். எந்த முறை என்பதும், நிரலாளர் எதுவரை படிக்க வேண்டும் என்பதும் கையேட்டில் தெளிவாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, நேரம். லினக்ஸ் 2.6.37க்கு முந்தைய பதிப்புகளில், சில 32 பிட் கணினிகளில் ஈபோலிடம் ஏறக்குறைய 35.8 நிமிடங்களுக்கு மேல் காத்திருக்கச் சொன்னால், அது முடிவே இல்லாத காத்திருப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சில விநாடிகளே காத்திருக்கச் சொல்லும் சோதனையில் இந்தப் பிழை சிக்காது. சிறிய எண், பெரிய எண், பூஜ்யம் என எல்லாவற்றையும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது, மூடுதல். ஒரே இணைப்புக்கு நிரலில் இரண்டு பிடிகள் இருக்கலாம். ஒன்றை மூடிய பிறகும் மற்றொன்று திறந்திருந்தால் ஈபோல் தொடர்ந்து அறிவிக்கும். “மூடிவிட்டேனே” என்று நினைக்கும் நிரலாளருக்கு இது எதிர்பாராத சிக்கல்.

வேகம் மட்டும் போதாது

2006இல் எவ்கெனி பொல்யகோவ் ‘கெவென்ட்’ என்ற வசதியை லினக்ஸுக்கு முன்மொழிந்தார். இணைப்பு, நேரக்கணிப்பு எனப் பலவகை நிகழ்வுகளையும் ஒரே இடத்தில் பெறுவது அதன் நோக்கம். வேகச் சோதனை முடிவுகளும் முன்வைக்கப்பட்டன. நீண்ட விவாதம் நடந்தது. ஆனாலும் அது சேர்க்கப்படவில்லை. மாறாக 2007இல் வந்த 2.6.22 பதிப்பில் நேரக்கணிப்பு, சமிக்ஞை போன்றவற்றையும் ஈபோல் வழியாகவே பெறும் சிறு வசதிகள் இணைக்கப்பட்டன.

ஆகவே புதிய வசதியைச் சோதிப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இது வேகமானதா என்பது ஒன்று. இருப்பதைச் சற்று நீட்டித்தால் போதாதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குக் கணினி பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்கு, அதை நாள்தோறும் பயன்படுத்தப்போகும் நிரலாளர்களின் கருத்தையும் கேட்க வேண்டும்.