வாசிப்பிழப்பு

எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கவாதத்தாலோ தலைக்காயத்தாலோ வாசிக்கும் திறனை முழுதாகவோ ஓரளவோ இழப்பது வாசிப்பிழப்பு. பெரும்பாலும் இது, மூளைப் பாதிப்பால் மொழித்திறன் கெடும் பேச்சிழப்போடு சேர்ந்தே வரும். அரிதாகத் தனித்தும் வரும்.

கல்லடி பட்டு எழுத்துகளை மட்டும் மறந்துபோன ஒருவரைப் பற்றிக் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான பிளினி குறித்துவைத்தார். 1877இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் இதற்குச் 'சொற்குருடு' என்று பெயரிட்டார்.

இதன் வரலாற்றைத் திருப்பியவர் பாரிஸ் நகரத்துத் துணி வணிகர் ஒருவர். 1887 அக்டோபரில் திடீரென்று அவருக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக் கண் மருத்துவர் லாண்டோல்ட்டிடம் போனார். 'ஏ' எழுத்தைக் காட்டினால் ஓவியர் படம் வைக்கும் சட்டம் என்றார். 'இசட்' பாம்பு, 'பி' வார்ப்பூட்டு. வடிவம் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. சொல்லச் சொல்லப் பிழையின்றி எழுதினார். எழுதியதைத் தாமே படிக்க முடியவில்லை. எழுத்தின் வரிவடிவத்தைக் கையால் வரைந்து பார்த்தால் மட்டும் அதன் பெயர் வந்தது. எண்கள் தெரிந்தன, கணக்கும் போட்டார். 1892 ஜனவரியில் மறுபடி பக்கவாதம் தாக்க, எழுதும் திறனும் போய்ச் சில நாளில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்த பிரெஞ்சு நரம்பியலாளர் ழூல் தெஜெரின், இடப்புறப் பிடரி மடலும் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் பாலத்தின் பின்பகுதியும் பழைய பாதிப்பில் சிதைந்திருந்ததைக் கண்டார். கண்ணில் பட்ட எழுத்து, மொழிப் பகுதியைச் சென்றடைய வழியில்லை என்பது அவர் விளக்கம். அமெரிக்க நரம்பியலாளர் நார்மன் கெஷ்விண்ட் 1965இல் இந்த விளக்கத்துக்குப் புத்துயிர் அளித்தார்.

அதுவரை கேள்வி, மூளையில் எந்த இடம் என்பதே. வாசிப்பு எப்படிப் பிழைபடுகிறது என்று கேட்டவர்கள் ஆய்வாளர்கள் ஜான் மார்ஷலும் ஃப்ரெடா நியூகோமும். 1966இல் அவர்கள் விவரித்த, போரில் காயம்பட்ட ஒருவர், 'கேனரி' என்ற சொல்லைக் 'கிளி' என்றும் 'புதர்' என்பதை 'மரம்' என்றும் படித்தார். பொருளுக்கு அருகில் போய், ஒலியைத் தவறவிட்டார். எழுத்தெழுத்தாக ஒலித்துப் படிக்கும் வழி ஒன்று, சொல்லை முழுதாகக் கண்டு பொருளை எட்டும் வழி இன்னொன்று. காயம் ஒன்றைக் கெடுத்து மற்றதை விட்டுவைக்கலாம் என்ற கருத்து இத்தகைய பிழைகளிலிருந்தே வலுப்பெற்றது. ஜப்பானில் சிலருக்குச் சொல்லைக் குறிக்கும் கான்ஜி எழுத்தும் ஒலியைக் குறிக்கும் கானா எழுத்தும் வெவ்வேறு அளவில் கெடுவதும் இதற்குச் சான்றானது.

சிகிச்சை மெல்லத்தான் வந்தது. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப உரக்கப் படிக்கும் பயிற்சியை ஆய்வாளர் சாண்ட்ரா மோயர் 1979இல் பதிவுசெய்தார். கனடாவின் துப்பறியும் கதாசிரியர் ஹோவர்ட் எங்கல் 2001இல் பக்கவாதத்தால் வாசிப்பை இழந்தார். எழுத்தை நாக்கால் அண்ணத்தில் வரைந்தே மீண்டும் படிக்கப் பழகினார். 2005இல் வந்த அவர் நாவலில் துப்பறிவாளருக்கும் அதே குறை.

பேச்சிழப்புள்ளவர்களில் பலருக்குப் படிக்கும்போது தனிச்சொல் புரியும், நீண்ட வாக்கியம் சிக்கும். விகுதிகளும் இணைப்புச் சொற்களும் நழுவும். அதனால் பேச்சுப் பயிற்சியாளர்கள் குறுகிய வாக்கியம், பெரிய எழுத்து, பொருத்தமான படம் ஆகியவற்றோடு, கணினி உரக்கப் படிக்க வரியைக் கண்ணால் தொடரும் முறையையும் கையாளுகிறார்கள். சொற்பட்டியல் தேர்வில் தேறுவதைவிட மருந்துச் சீட்டையும் நாளிதழையும் படிக்க முடிவதே நோயாளிக்கு வேண்டியது.