ஊசிக்கு ஒரு பாடம், வகுப்புக்கு ஒரு பாடம்

நான் படித்த இடைநிலைப்பள்ளியில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. மண்டை ஓடு, பக்கத்தில் ஊசி, கீழே எய்ட்ஸ் உயிரைக் குடிக்கும் என்று மலாய் மொழியில் ஒரு வரி. ஆணுறையைப் பற்றி நான் முதலில் பார்த்தது மூன்றாம் படிவ அறிவியல் நூலில், கருத்தடை முறைகளில் ஒன்றாக. அந்தப் பக்கத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லி ஆசிரியர் புரட்டிவிட்டார். போஸ்டருக்கும் அந்தப் பக்கத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

போஸ்டரில் ஊசி வந்ததற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986இல் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது பெரும்பாலும் போதைப்பித்தர்கள் ஒரே ஊசியைப் பகிர்ந்துகொண்டதால்தான் பரவியது. 2002இல் மட்டும் ஏறக்குறைய 7,000 புதிய தொற்றுகள். 1996இல் சுகாதார அமைச்சு இளையோருக்கு இளையோரே எடுத்துச் சொல்லும் 'புரோஸ்டார்' திட்டத்தைத் தொடங்கியது. நல்ல யோசனைதான். ஆனால் என் காலத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தது 'வேண்டாம்னு சொல்லு' என்பது மட்டுமே.

அது மட்டும் போதாது என்பது அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2005இல் மெத்தடோன் சிகிச்சையும் 2006இல் சுத்தமான ஊசி வழங்கும் திட்டமும் வந்தன. சமயத் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தும் திட்டம் நிற்கவில்லை. ஊசிவழித் தொற்று சரிந்தது. இன்று புதிய தொற்றுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பாலுறவு வழி வருபவை.

போதைப்பித்தரிடம் 'தவறினாலும் உயிரோடு இரு' என்று சொன்ன அதே நாடு, மாணவனிடம் அப்படிப் பேசத் தயங்கியது. 1989இலேயே இடைநிலைப்பள்ளிகளுக்குக் குடும்பச் சுகாதாரக் கல்வி வந்துவிட்டது. எங்கள் பள்ளியில் சுகாதாரக் கல்விப் பாடவேளையைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார்.

பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. ஒருநாள் இரவு அறைத்தோழன் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், அன்னிக்கு ஒண்ணும் போடலடா. பயமா இருக்கு."

"எப்போ?"

"அஞ்சு நாளாச்சு."

தொற்றைத் தடுக்க 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய மருந்து உண்டு என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. மறுவாரம் கிளினிக்கில்தான் சொன்னார்கள். பரிசோதனைக்குச் சரியான காலம் வரும்வரை அவன் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் தொற்று இல்லை என்று வந்தது. எய்ட்ஸ் கொல்லும் என்பது மட்டும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்போது கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறேன். விழுந்தால் செத்துப்போவாய் என்று பலகை மட்டும் மாட்டிவிட்டு யாரையும் நாங்கள் மேலே ஏற்றுவதில்லை. பாதுகாப்பு பெல்ட்டைக் கையில் கொடுத்து, எப்படி மாட்டுவது என்று காட்டுகிறோம்.

சித்தி மகன் இந்த வருஷம் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். அறிவியல் நூலில் அந்தப் பாடம் வரும்போது என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.